சனிக்கிழமை மன்னிப்பு

எங்கள் வீட்டில் மன்னிப்பு சனிக்கிழமைகளில் நடக்கும். எல்லாச் சனிக்கிழமையும் இல்லை. மாதத்தின் முதல் ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை மட்டும். மறுநாள் கோயிலில் திருவிருந்து. அப்பமும் திராட்சரசமும் வாங்கப் போகிறவர்கள் யார்மேலும் பகை வைத்துக்கொண்டு போகக் கூடாது என்பது எங்கள் சபையின் ஒழுங்கு. மற்ற வீட்டுக்காரர்கள் அதை மனசுக்குள்ளேயே சரிசெய்துகொண்டு போய்விடுவார்கள். எங்கள் அப்பா மனசை நம்புகிற ஆள் இல்லை. வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவர் காதில் விழ வேண்டும்.

அப்பா மௌலா அலியில் ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்து, குவார்ட்டர்ஸில் இரண்டு அறைக்குள் எங்களை வளர்த்தார். அந்தச் சனிக்கிழமை சாயங்கால ஜெபம் முடிந்ததும் எழுந்து நிற்பார். முதலில் அம்மா, பிறகு அண்ணன், கடைசியில் நான். வலது கையை நீட்டுவார். நாங்கள் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"மன்னிச்சேன்னு சொல்லு" என்பார்.

"மன்னிச்சேன்" என்போம். "ஸ்தோத்திரம்" என்று கையை விடுவார். அவ்வளவுதான், அந்த மாதத்து அடிகள் எல்லாம் கழுவி விடப்பட்டன. மறுநாள் காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் வரிசையில் போய் முழங்கால் போடுவார்.

சபையில் அப்பாவுக்கு நல்ல பேர். சும்மா சொல்லக் கூடாது, பாட்டும் நன்றாகப் பாடுவார். ஒரு தடவை சாட்சி சொல்லும்போது, "பெத்த பிள்ளைகிட்டகூட நான் மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் பந்திக்கு வாரேன்" என்றார். பெண்கள் பக்கத்தில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் பக்கத்தில் இருந்த அம்மாவும் துடைத்துக்கொண்டாள். எனக்கு எரிச்சலாக வந்தது. கேட்கிற மாதிரியா கேட்டார்?

அடி என்றால் சாதாரண அடி இல்லை. ஷெட்டில் கழித்துப் போட்ட ரப்பர் குழாயில் முழ நீளத்துக்கு ஒரு துண்டு, பின்கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அது விழுகிற சத்தம் குறைவு. பக்கத்து குவார்ட்டர்ஸுக்குக் கேட்காது. தோல் கிழியாது, உள்ளே கன்றிப் போகும். கோயிலில் நீண்ட ஜெபத்தின் நடுவே நான் சிரித்துவிட்டேன் என்பதற்காக ஒரு ஞாயிறு வீட்டுக்கு வந்ததும் உள்ளங்கையில் விளாசினார். இரண்டு கையும் பன்போல வீங்கின; அம்மாதான் சோறு ஊட்டினாள். அந்த வாரமே சனிக்கிழமை வந்தது. வீங்கிய கையை அவர் கை பிடித்தது. அப்பாவின் பிடி எப்போதுமே இறுக்கம். வலியில் எனக்குக் கண் இருண்டது. "மன்னிச்சேன்" என்று நான் கத்தியதைக் கேட்டு, "பிள்ளைக்கு நல்ல பக்தி" என்று அம்மாவிடம் சொன்னார்.

அம்மாவுக்கு இதில் வேறு பயம். நாங்கள் யாராவது சொல்லாமல் விட்டால் அப்பா திருவிருந்து வாங்க மாட்டார். வாங்காமல் வீட்டுக்கு வந்தால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் எங்கள் முறை வரும்போது பின்னால் நின்று தொடையைக் கிள்ளுவாள். "சொல்லிருட்டி, சொல்லிரு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு காதில் சொல்வாள். அவர் முன்னால் கையை நசுக்க, இவள் பின்னால் தொடையைத் திருக, நடுவில் நின்று நான் மன்னித்தேன். கிறிஸ்தவ மன்னிப்பு என்றால் என்ன என்று அப்படித்தான் படித்தேன்.

கடவுளைப் பற்றியும் அப்படித்தான். பிதாவே என்று ஐயர் ஜெபத்தைத் தொடங்கும்போதெல்லாம் என் முதுகு விறைத்துக்கொள்ளும். சபைப் போதகரை நாங்கள் ஐயர் என்போம். பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனையில், சிலுவையில் மகன் படுகிற பாட்டை அந்த ஐயர் உருகி உருகிச் சொல்வார். எல்லாரும் மகனுக்காக அழுதார்கள். நான் அப்பனைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு வருஷம் அம்மாவிடம் கேட்டேவிட்டேன்.

"அவுங்க அப்பா ஏம்மா பாத்துட்டுச் சும்மா இருந்தாரு?"

அம்மா வாயிலேயே அடித்தாள். பல் பட்டு உதடு கிழிந்தது. வீட்டுக்கு நடந்து வரும்போது அண்ணன் என் உதட்டைப் பார்த்துவிட்டு, "அவரும் எங்கயாச்சும் ஷெட்டுல ஃபிட்டரா இருப்பாரு" என்றான். ரத்தம் வழிய வழியச் சிரித்தேன்.

அண்ணன் என்னைவிட நாலு வயது பெரியவன். என் அடியில் பாதியை அவன் வாங்கிக்கொண்டான். வீட்டில் தமிழ்தான் பேச வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். அண்ணன் வாயில் ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ, எதற்கு என்பதற்குக் கைக்கு என்று அந்த ஊர் உருது தாராளமாக வரும். குவார்ட்டர்ஸ் பையன்கள் எல்லாருக்கும் அப்படித்தான். அதற்கும் அடி விழும்.

அவன் திடப்படுத்தல் வகுப்பு முடித்த வருஷம் அது நடந்தது. பேராயர் வந்து தலையில் கை வைத்தாயிற்று. வருகிற முதல் ஞாயிறு அவனுக்கு முதல் திருவிருந்து. அதற்காக அம்மா வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்து வாங்கி, ஹேங்கரில் மாட்டி வைத்திருந்தாள். அந்த வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் அண்ணன் வீட்டுக்கு வந்தபோது அவன் மணிக்கட்டில் சிவப்பு நூல் இருந்தது. மௌலா அலி மலை உச்சியில் இருக்கிற தர்காவுக்குக் கூட்டாளிகளோடு ஏறிப் போய், வேண்டிக்கொண்டு கட்டி வந்திருக்கிறான்.

அப்பா சவர பிளேடை எடுத்துக்கொண்டு வந்தார். அவன் கையை இழுத்து மேசைமேல் வைத்து நூலை அறுத்தார். நூலோடு தோலும் கொஞ்சம் வந்தது. மேசை விரிப்பில் ரத்தம் சொட்டியது.

"என்ன கேட்டுக் கட்டுன? சொல்லுல."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். "நீங்க எங்கள அடிக்கிறது நிக்கணும்னு" என்றான். பிறகு சொன்னான்: "கோயில்ல கேட்டேன். கேக்கல. அதான் அங்க போனேன்."

அப்பா ஆணியிலிருந்து குழாயை எடுத்தார். அந்த நாளை நான் விவரமாக எழுதப் போவதில்லை. எழுத வரவில்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் அண்ணன் விழுந்து கிடந்தான், எழுந்திருக்க வழியில்லை, குழாய் விழுந்துகொண்டே இருந்தது. அம்மா குறுக்கே கையை நீட்டினாள். மணிக்கட்டு ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்டது, சுள்ளி ஒடிகிற மாதிரி. அப்பா உடனே குழாயைப் போட்டுவிட்டு அவளை ரயில்வே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாக அம்மாவே டாக்டரிடம் சொன்னாள். மாவுக்கட்டோடு ஆட்டோவில் திரும்பி வந்து இறங்கினாள். எலும்பு சரியாகச் சேரவில்லை. இன்றைக்கும் அவள் வலது கை கோணல்தான்.

சனிக்கிழமை வந்தது.

ஜெபம் முடிந்து அப்பா எழுந்து நின்றார். அம்மா இடது கையைக் கொடுத்து, "மன்னிச்சேங்க" என்றாள். அப்பாவுக்கு அன்றைக்குக் குரல் கரகரத்தது. அவர் வருத்தப்படவில்லை என்று சொன்னால் அது பொய். அண்ணன் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார்.

"மன்னிச்சேன்னு சொல்லு."

"நக்கோ" என்றான் அண்ணன்.

"தமிழ்ல பேசுல."

"நக்கோ. சொல்ல மாட்டேன்."

அம்மா மாவுக்கட்டுக் கையாலேயே அவன் முதுகில் இடித்தாள். "சொல்லிருல, உங்கப்பா பட்டினியா வந்துருவாவ." அவள் பேச்சில் திருவிருந்து வாங்காமல் வருவதற்குப் பெயர் பட்டினி. அண்ணன் அசையவில்லை. அப்பாவின் கை நீட்டினபடியே இருந்தது. பிறகு அது மடங்கி, பின்கதவுப் பக்கம் போனது. முதல் அடி அண்ணனின் தோளில் விழுந்தது. இரண்டாவது அடிக்கு ஓங்கியபோது அண்ணன் குழாயைப் பிடித்துப் பிடுங்கி, திருப்பி ஒரே ஒரு தடவை அடித்தான். முகத்தில். அப்பாவின் புருவம் பிளந்து கண்ணெல்லாம் ரத்தம். அவர் கத்தவில்லை. பொத்தென்று தரையில் உட்கார்ந்து, அண்ணனையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் குழாயோடு வெளியே போனான். நான் பின்னால் ஓடினேன். தண்டவாளத்தில் கூட்ஸ் வண்டி ஒன்று மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. திறந்த பெட்டி ஒன்றில் குழாயை வீசி எறிந்தான். "நீ உள்ள போ" என்று என்னிடம் சொல்லிவிட்டு நடந்தான். திரும்பி வரவில்லை.

மறுநாள் அப்பா புருவத்தில் பிளாஸ்திரியோடு கோயிலுக்குப் போனார். ஷெட்டில் இரும்பு தெறித்துவிட்டது என்று கேட்டவர்களிடம் சொன்னார். எல்லாரும் வரிசை வரிசையாக எழுந்து பீடத்துக்குப் போனபோது அவர் எழுந்திருக்கவில்லை. முழங்காலை ஒதுக்கி மற்றவர்களுக்கு வழிவிட்டார். அதற்கு அடுத்த மாதமும் அப்படியே. அடுத்த வருஷமும். மகன் மன்னிக்கவில்லை, ஆகையால் தனக்குப் பந்தியில் இடமில்லை. யாரும் பார்க்காதபோது வாங்கிக்கொள்ளலாம், வேறு கோயிலுக்குப் போகலாம், ஊருக்குப் போனபோது வாங்கலாம். செய்யவில்லை. நான் அவரை வேஷக்காரர் என்று நினைத்திருந்தேன். வேஷக்காரராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அவர் நிஜமாகவே நம்பினார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அடி விழவில்லை. அண்ணனின் வேண்டுதல் பலித்துவிட்டது. மலைமேல் இருந்தவர் கேட்டாரா, எங்கள் கோயிலில் இருந்தவர் தாமதமாகக் கேட்டாரா, எனக்குத் தெரியாது. அம்மா மட்டும், "பெத்த அப்பனையே பட்டினி போட்டுட்டான்" என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒடிந்த கையை வைத்துக்கொண்டு அவள் அதைச் சொல்லும்போது எனக்கு அவளை அறையலாம் போலிருக்கும்.

பிற்பாடு அப்பாவும் அம்மாவும் சைனிக்புரியில் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. ம், ம் என்ற சத்தம் மட்டும் வரும். நாம் பேசுவது எல்லாம் புரியும். கோயில் ஆராதனையை நான் போனில் போட்டு அவர் முன்னால் வைப்பேன். திருவிருந்துப் பகுதி வந்ததும் இடது கையால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார்.

போன வருஷம் ஆகஸ்டில் டாக்டர் கையை விரித்துவிட்டார். ஐயர் வீட்டுக்கே திருவிருந்து கொடுக்க வந்தார். இவர் புது ஐயர், சின்ன வயசு. அப்பத்தை நீட்டியதும் அப்பா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். இடது கையை வாசற்பக்கம் நீட்டினார், அந்தச் சனிக்கிழமைகளில் நீட்டுவதைப் போலவே. ஐயருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும் அம்மாவுக்கும் புரிந்தது.

"அவன் வந்து சொல்லாம உங்கப்பா வாங்க மாட்டாவ. பட்டினியாவே போயிருவாவட்டி" என்று அம்மா என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பழைய கூட்டாளிகளிடம் விசாரித்து, அண்ணனைத் தேடிப் பட்டான்செரு போனேன். ஒரு மருந்து கம்பெனியில் ஷிப்ட் வேலை. கேட்டுக்கு வெளியே டீக்கடையில் காத்திருந்தேன். ஷேர் ஆட்டோக்களுக்கு முண்டியடித்த கூட்டத்திலிருந்து பிரிந்து வந்தான். முடி நரைத்து, விரல் நுனித் தோல் எல்லாம் ரசாயனத்தில் உரிந்து, அப்பாவையே உரித்து வைத்த முகம். விஷயத்தைச் சொன்னேன்.

"கைக்கு?" என்றான். எதற்காக நான் வர வேண்டும் என்கிறான்.

"அவரு வாங்காமலே செத்துருவாருண்ணா."

"சாகட்டும்." டீயைக் குடித்து முடித்தான். என் முகத்தைப் பார்த்தான். "உனக்காக வர்றேன். ஆனா என்னைய யாரும் சொல்லுன்னு சொல்லக் கூடாது. சொன்னா எந்திரிச்சுப் போயிருவேன்."

"யாரும் சொல்ல மாட்டாங்க" என்று வாக்குக் கொடுத்தேன்.

ஐயருக்கு ஞாயிற்றுக்கிழமை ஒழியாது. சனிக்கிழமை மத்தியானம் வந்தார். அண்ணன் ஷிப்டுக்குப் போகிற உடுப்போடு வந்து கட்டில் கால்மாட்டில் நின்றான். அப்பாவைத் தலையணைகளில் சாய்த்து உட்கார வைத்திருந்தோம். அவனைப் பார்த்ததும் அப்பாவின் இடது கை நீண்டது. அப்படியே நின்றது. ஐயர் அப்பத்தை ரசத்தில் நனைத்துக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அப்பாவின் உதடு மூடியே இருந்தது.

அண்ணன் கையைத் தொடவில்லை.

"தம்பி, பெரியவர் காத்திட்டிருக்காரு" என்றார் ஐயர், மெதுவாக.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "ஐயா, அவன விடுங்க" என்று கத்தினேன். "இந்த வீட்டுல இனி யாரும் யாரையும் சொல்லச் சொல்ல வேணாம். அப்பா, நாங்க சொன்னாத்தான்னு இல்ல. சொல்லாட்டியும் நீங்க வாங்கலாம். அது நம்ம வீட்டுச் சாப்பாடு இல்ல." அத்தனை வருஷத்தில் விசுவாசம் என்று எனக்குள் மிஞ்சியிருந்தது அவ்வளவுதான். அதைச் சொல்லிவிட்டேன். அப்பா தலையை ஆட்டி மறுத்தார். கையை மடக்கவில்லை.

அம்மா எழுந்தாள். கோணல் கையாலேயே அண்ணனை அடிக்க ஆரம்பித்தாள். முதுகில், நெஞ்சில், முகத்தில். "இந்தக் கையப் பாருல. இத ஒடிச்சவரையே நான் மன்னிச்சிட்டேன். ஒனக்கு என்னல? ஒரு வார்த்த. ஒத்த வார்த்த." அண்ணன் தடுக்கவில்லை. அவள் கை வலித்து அவளே நிறுத்துகிறவரை நின்று வாங்கிக்கொண்டான். பிறகு கட்டிலருகே போய்க் குனிந்தான். சொல்லிவிடப் போகிறான் என்று நினைத்தேன். அப்பாவின் இடது கை சட்டென்று உயர்ந்து அவன் கன்னத்துக்குப் பாய்ந்தது. பாதி செத்த உடம்பிலிருந்து அந்த வேகம் எப்படி வந்ததோ. அண்ணன் அதை நடுவிலேயே பிடித்துவிட்டான்.

அப்போது அப்பா செய்ததை நான் மறக்க மாட்டேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு, கழுத்தைத் தோளுக்குள் இழுத்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். குழாய் விழப்போகிறது என்று தெரிந்தால் நாங்கள் அப்படித்தான் செய்வோம்.

"ஏல" என்றான் அண்ணன். அது அவன் குரலே இல்லை. ஷெட்டிலிருந்து வந்து கதவைத் தட்டுகிற அப்பாவின் குரல். "வாயத் தொற."

அப்பா வாயைத் திறந்தார்.

ஐயர் அவசரமாக அப்பத்தை நாக்கில் வைத்தார். ரசம் கடைவாயில் வழிந்து கழுத்துக்கு இறங்கியது. அப்பா கண்ணைத் திறக்காமல் விழுங்கினார். "ஸ்தோத்திரம்" என்றாள் அம்மா. அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் சந்தோஷம். அப்பா பயத்தில் வாங்கினார். நான் வருஷக்கணக்காக வாங்கியதும் அப்படித்தான்.

அண்ணன் இன்னும் அப்பாவின் கையைப் பிடித்தபடியே நின்றான். அவன் முகம் வெளிறிப் போயிருந்தது. தன் வாயிலிருந்து வந்தது யார் குரல் என்று அவனுக்கும் தெரிந்திருக்கிறது. கட்டிலில் உட்கார்ந்தான்.

"மன்னிச்சிருங்கப்பா" என்றான்.

அப்பா கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தார். வாய் அசைந்தது. ம், ம் என்று சத்தம் வந்தது. தண்ணீர் வேண்டும் என்றாலும் அவருக்கு அந்தச் சத்தம்தான், போதும் என்றாலும் அதுதான். அண்ணன் காதை அவர் வாய்கிட்டே வைத்துக் கேட்டான். அவன் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. போகவில்லை. ஐயர் பாத்திரங்களைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு போன பிறகும் அப்படியே குனிந்திருந்தான்.

அடுத்த சனிக்கிழமையும் வந்தான். அதற்கடுத்ததும். யாரும் கூப்பிடவில்லை. வந்து கட்டிலில் உட்கார்ந்து, அதையே கேட்பான், பதிலுக்குக் காத்திருப்பான், எழுந்து போவான். அப்பா மழைக்காலம் முடிகிற சமயத்தில், ஒரு வேலை நாளில், அண்ணன் இல்லாதபோது போய்ச் சேர்ந்தார். நான்தான் பக்கத்தில் இருந்தேன். கடைசியாகவும் ம் என்றுதான் சொன்னார்.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியைக் குழிக்குள் இறக்கியபோது அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"கடைசியில ஏதாச்சும் சொன்னாரா? நீ கேட்டியா?"

ஹவ், மன்னிச்சேன்னு சொன்னாரு என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வந்தது. அந்த ஒரு வார்த்தையைப் பொய்யாகச் சொல்லிச் சொல்லியே வளர்ந்தவள் நான். இன்னொரு தடவை சொன்னால் என்ன குறைந்துவிடும்? அவனுடைய உரிந்த விரல்களைப் பார்த்தேன்.

"தெரியலண்ணா" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். ஐயர் ஜெபத்தைத் தொடங்கினார். அண்ணன் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துக் குழிக்குள் போட்டுவிட்டு, கையைத் தட்டாமல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றான்.